சின்ன டிராக்டர் எவ்வளவு பாரம் இழுக்கலாம்?

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)



வழக்கமாக இந்த நேரத்திலே தக்காளியில் வருகிற இலைச்சுருள் நோயைப் பற்றியோ, ரோஜாவில் வருகிற சாம்பல் நோயைப் பற்றியோ உங்களிடம் பேசுவேன். இன்றைக்குப் பேசப்போவது நோயைப் பற்றி அல்ல. உங்கள் வீட்டு வாசலிலே நிற்கிற சின்ன டிராக்டரையும், அதன் பின்னாலே நீங்கள் மாட்டுகிற டிரெய்லரையும் பற்றித்தான். 'விவசாய அதிகாரிக்கு இதிலே என்ன வேலை?' என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

ஓசூருக்குப் பக்கத்திலே கெலவரப்பள்ளி இருப்பது உங்களுக்குத் தெரியும். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் உற்பத்தியாகிற தென்பெண்ணை ஆறு, தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தேங்குகிற அணை அங்கேதான் இருக்கிறது. அணையைச் சுற்றிய பூமி தஞ்சாவூர் மாதிரி தட்டையான பூமி அல்ல. மேடும் பள்ளமுமாக இருக்கும். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கியே ஆகவேண்டும். தக்காளி, முட்டைக்கோஸ், பீன்ஸ், கொத்துமல்லி, ரோஜா, சாமந்தி என்று என்ன விளைந்தாலும் அந்த மேடு பள்ளத்தைத் தாண்டித்தான் தார் ரோட்டுக்கு வரவேண்டும்.

இன்னொரு விஷயம். தொழிற்சாலைகளுக்கும் வீட்டு மனைகளுக்கும் நிலம் போகப் போக, கையில் இருக்கிற நிலம் சுருங்கிக்கொண்டே வருகிறது. அண்ணன் தம்பி பாகம் பிரித்தது போக இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று நிற்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு 18 முதல் 25 குதிரைத்திறன் வரை உள்ள சின்ன டிராக்டர் நல்ல தோழன். வரிசைக்கு நடுவிலே போகும். டீசல் குறைவாகக் குடிக்கும். மருந்தும் அடிக்கலாம், களையும் எடுக்கலாம். அதைச் சொல்லிச் சொல்லி வாங்க வைத்தவர்களில் நானும் ஒருவன்.

அப்படி நான் சொல்லி வாங்கிய ஒருவரின் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவருடைய பேர் வேண்டாம். முப்பது வயதுக்காரர், நல்ல உழைப்பாளி. அணைக்குப் பக்கத்திலே இரண்டரை ஏக்கர். டிராக்டர் வாங்கிய கையோடு தக்காளி நன்றாக விளைந்தது, விலையும் இருந்தது. சந்தைக்குக் கொண்டுபோக டிரெய்லர் வேண்டும். அவருடைய மாமாவிடம் பழைய டிரெய்லர் ஒன்று சும்மா கிடந்தது. நாலு சக்கரம் உள்ளது, 45 குதிரைத்திறன் டிராக்டருக்காகச் செய்தது. 'இனாமாகக் கிடைக்கிறதை ஏன் விடவேண்டும்?' என்று அதைக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டார். நாலைந்து முறை போய்வந்தார். ஒன்றும் ஆகவில்லை.

ஐப்பசி மாதம், ராத்திரி மழை பெய்து விட்டிருந்தது. விடியற்காலம் நாலு மணிக்கு 80 கிரேட் தக்காளி ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். மண்பாதை ஒரு மேட்டிலிருந்து சிறு பாலத்துக்கு இறங்குகிற இடத்திலே பின்னாலிருந்து டிரெய்லர் தள்ள ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தார். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. நின்ற சக்கரத்தோடு ஈர மண்ணில் சறுக்கிக்கொண்டு போனது. டிரெய்லர் ஒரு பக்கமாக ஒதுங்கி டிராக்டரின் இடுப்பிலே முட்டியது. டிராக்டர் குறுக்கே திரும்பிக் குடைசாய்ந்தது. தக்காளி எல்லாம் ஓடையிலே. அவருடைய வலது கால் மட்கார்டுக்கு அடியிலே.

உயிருக்கு ஆபத்தில்லை. கால் கூடி வர நாலு மாதம் ஆயிற்று. வழக்கமாக மட்கார்டிலே உட்கார்ந்து கூட வருகிற அவருடைய மனைவி, குழந்தைக்குக் காய்ச்சல் என்று அன்றைக்கு வீட்டிலே நின்றுவிட்டார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு பதைக்கிறது.

பார்க்கப் போனேன். கட்டிலில் படுத்தபடியே என்னை ஒரு கேள்வி கேட்டார். "சார், தோட்டத்திலிருந்து அவ்வளவு தூரம் முக்காம முனகாம இழுத்துச்சே. அப்புறம் ஏன் சார் நிக்கல?"

எனக்கு உடனே பதில் சொல்ல வாயில்லை. டிராக்டர் வாங்கும்போது உழவைப் பற்றிச் சொன்னேன், டீசலைப் பற்றிச் சொன்னேன், மானியத்தைப் பற்றிச் சொன்னேன். டிரெய்லரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கான பதில்தான் இன்றைய பேச்சு.

இழுப்பது எஞ்சின், நிறுத்துவது எடை

குதிரைத்திறன் என்பது எஞ்சினின் சக்தி. கியரைக் குறைத்துப் போட்டால் சிறிய எஞ்சினும் பெரிய பாரத்தை மெள்ள அசைத்துவிடும். சமதரையிலே உருளுகிற பாரத்தை இழுப்பது அப்படி ஒன்றும் கஷ்டமும் இல்லை. ஆகவே, 'இந்த டிராக்டர் மூன்று டன் இழுக்கும்' என்று விற்கிறவர் சொன்னால் அது பொய் இல்லை. இழுக்கும்.

ஆனால் நிறுத்துவது எஞ்சின் அல்ல. தரையைப் பிடித்துக்கொள்கிற டயர்தான் நிறுத்துகிறது. டயர் எவ்வளவு பிடிக்கும் என்பது அதன்மேல் எவ்வளவு எடை அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரம் இரண்டிலேதான் இருக்கிறது. நம் ஊரில் ஓடுகிற பெரும்பாலான டிரெய்லர்களில் பிரேக்கே கிடையாது. அப்படியானால், முழு வண்டியையும் முழுச் சரக்கையும் பிடித்து நிறுத்துகிற பொறுப்பு அந்த இரண்டு பின்சக்கரங்களின் தலையிலே விழுகிறது.

இதை நம் முன்னோர்கள் கட்டை வண்டியிலேயே கண்டு வைத்திருந்தார்கள். மேட்டில் ஏறும்போது மாடு வண்டியை இழுக்கும். இறக்கத்திலே வண்டி மாட்டைத் தள்ளும். நுகத்தடி கழுத்தை விட்டு முன்னாலே போகும். அனுபவப்பட்ட வண்டிக்காரர் இறங்கி நடப்பார். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துப் பிடிப்பார். இளங்கன்றைப் பெரிய பாரவண்டியில் பூட்டி இறக்கத்தில் விடமாட்டார். இன்றைக்கு நாம் செய்வது அதைத்தான். கன்றுக்குட்டி மாதிரி இருக்கிற டிராக்டரைப் பாரவண்டியில் பூட்டுகிறோம்.

ஒரு சின்னக் கணக்கு

நம்முடைய நண்பரின் வண்டியையே எடுத்துக்கொள்வோம். சின்ன டிராக்டரின் எடை ஏறத்தாழ ஒரு டன், அதாவது 1,000 கிலோ. மாமா கொடுத்த டிரெய்லர் காலியாகவே 1,200 கிலோ. கிரேட்டுக்கு 25 கிலோ வீதம் 80 கிரேட்டுக்கு 2,000 கிலோ. டிராக்டருக்குப் பின்னால் இருந்தது 3,200 கிலோ. டிராக்டரையும் சேர்த்து 4,200 கிலோ.

பத்து அடி நடந்தால் ஓர் அடி இறங்குகிற சரிவு என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட சரிவிலே மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு வண்டியைக் கீழ்நோக்கித் தள்ளும். நம் கணக்குப்படி 420 கிலோ.

இதைப் பிடிக்க என்ன இருக்கிறது? டிராக்டரின் 1,000 கிலோவில் பின்சக்கரங்களின்மேல் விழுவது சுமார் 600 கிலோ. காய்ந்த கெட்டியான தரையிலே டயர் தன்மேல் உள்ள எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் பிடிக்கும் என்று கொண்டால், 360 கிலோ. ஈர மண்ணிலே அது பாதியாகிவிடும், 180 கிலோ. தள்ளுவது 420, பிடிப்பது 180. வண்டி எப்படி நிற்கும், சொல்லுங்கள்?

இது தோராயக் கணக்குதான். டயர் மண்ணில் உருளுவதாலும் ஒரு பிடிப்பு வரும். ஆனால் இறக்கத்திலே எடை முன்பக்கம் சாய்ந்து பின்சக்கரம் லேசாகிவிடும். ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போயிற்று. ஏறும்போது இதற்கு நேர் எதிர். எடை பின்சக்கரத்தின்மேல் வந்து அழுத்தும், பிடிப்பு கூடும். அதனால்தான் அழகாக ஏறிய வண்டி, அதே மாதிரி சரிவில் இறங்கும்போது ஏமாற்றிவிடுகிறது.

சமதரையிலும் கதை இதேதான். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகிற அந்த டிராக்டரை மட்டும் காய்ந்த ரோட்டிலே பிரேக் போட்டால் ஏறக்குறைய 10 மீட்டரில் நிற்கும். 3,200 கிலோ டிரெய்லரோடு போட்டால் 40 மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஆபத்தைப் பார்த்து நீங்கள் காலை எடுத்து பிரேக்கில் வைப்பதற்குள் போகிற எட்டு மீட்டர் இதில் சேரவில்லை. வேகத்தைப் பாதியாக்கி 15 கி.மீ.க்குக் கொண்டு வாருங்கள். 40 மீட்டர் 10 மீட்டராகிவிடும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் நிற்கிற தூரம் கால் பங்காகிறது. இதற்குப் பணச்செலவு ஒன்றும் கிடையாது.

அப்படியானால் எவ்வளவு ஏற்றலாம்?

வெளிநாடுகளிலே வீடு மாதிரி அறை வைத்த டிரெய்லரைக் காருக்கோ சின்ன பிக்கப் வண்டிக்கோ பின்னால் மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு சுற்றுலா போவார்கள். அவர்களுக்கும் இதே பிரச்னைதான்: இழுக்கிற வண்டி லேசு, பின்னால் வருவது கனம். பிரிட்டனிலே புதிதாக ஓட்டுகிறவர்களுக்குச் சொல்கிற புத்தி என்ன தெரியுமா? டிரெய்லரின் எடை, சரக்கோடு சேர்த்து, இழுக்கிற காரின் எடையில் 85 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பதுதான். அந்த டிரெய்லரில் பிரேக்கும் இருக்கிறது, பாருங்கள். பிரேக் இல்லாததாக இருந்தால் அங்கே சட்டமே 750 கிலோவுக்கு மேல் அனுமதிப்பதில்லை. காரின் எடையில் பாதி அதைவிடக் குறைவாக இருந்தால், அந்தப் பாதிதான் வரம்பு.

டிராக்டருக்கு என்ன வழிமுறை? பிரேக் இல்லாத டிரெய்லரானால், அதன் மொத்த எடை டிராக்டரின் எடையைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகக்கூடாது, வேகமும் 32 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்று டிராக்டர் கையேடுகளில் போட்டிருப்பார்கள். இது நல்ல ரோட்டுக்குச் சொன்னது. மேடு பள்ளமும் ஈர மண்ணும் உள்ள நம் பக்கத்துக்கு நான் இன்னும் ஒரு படி கீழே சொல்கிறேன்: வழியிலே இறக்கம் இருந்தால், டிரெய்லரும் சரக்கும் சேர்ந்து டிராக்டரின் எடைக்கு மேல் போகவேண்டாம்.

இதைக் கிரேட் கணக்கிலே சொல்கிறேன். ஒரு டன் டிராக்டர். காலியாக 500 கிலோ உள்ள சின்ன டிரெய்லர். தட்டையான தார் ரோடானால் மொத்தம் 1,500 கிலோ இழுக்கலாம். டிரெய்லர் போக 1,000 கிலோ, அதாவது 40 கிரேட். வழியிலே இறக்கம் உண்டென்றால் மொத்தம் 1,000 கிலோ. டிரெய்லர் போக 500 கிலோ, அதாவது 20 கிரேட்.

மாமாவின் பெரிய டிரெய்லரை மாட்டினால்? அது காலியாகவே 1,200 கிலோ. தட்டை ரோட்டிலே 12 கிரேட்தான் ஏற்றலாம். இறக்கத்திலோ, சரக்கே இல்லாமல் காலி டிரெய்லரைக்கூட அந்த டிராக்டர் கொண்டு இறங்கக்கூடாது. இனாமாக வந்த டிரெய்லர் எவ்வளவு விலை உயர்ந்தது என்று பார்த்தீர்களா?

நம் டிராக்டரின் எடை, டிரெய்லரின் எடை நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பதிவுச் சான்றிலே போட்டிருக்கும். டிரெய்லருக்கும் தனியாகப் பதிவு உண்டு, மறந்துவிடாதீர்கள். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் இருக்கிறது. டிராக்டர்களைச் சோதித்து எடை, இழுவை, பிரேக் எல்லாவற்றையும் அறிக்கையாகத் தருகிறார்கள். டிராக்டர் வாங்குமுன் அந்த அறிக்கையைக் காட்டச் சொல்லி விற்பனையாளரிடம் கேளுங்கள். எல்லாவற்றையும்விடச் சுலபமான வழி, ஒருநாள் எடைமேடைக்குப் போவது. டிராக்டரைத் தனியாக நிறுத்துங்கள், காலி டிரெய்லரைத் தனியாக நிறுத்துங்கள். இரண்டு எடையையும் டிரெய்லரின் முன்பலகையிலே பெயிண்டால் எழுதி வையுங்கள். அதன் கீழே எத்தனை கிரேட் ஏற்றலாம் என்பதையும் எழுதிவிடுங்கள். ஏற்றுகிற ஆளுக்கும் தெரியும், ஓட்டுகிற பையனுக்கும் தெரியும்.

தண்ணீர் டேங்கர் இழுக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன். அரைகுறையாக நிரப்பிய டேங்கர் இன்னும் மோசம். பிரேக் போட்டதும் உள்ளே தண்ணீர் அலம்பி முன்னாலே வந்து மோதும். திருப்பத்திலே ஒரு பக்கமாகச் சாயும்.

முன்பாரமா, பின்பாரமா?

எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைப்போலவே எங்கே ஏற்றுகிறோம் என்பதும் முக்கியம். ஒற்றை அச்சில் இரண்டு சக்கரம் உள்ள டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். வண்டி கட்டிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் அதிகமானால் மாடு முழங்காலைக் குத்தும். டிராக்டருக்கும் இதே நியாயம்தான்.

பின்பாரமானால் டிரெய்லரின் மூக்கு டிராக்டரின் பின்புறத்தைத் தூக்கும். பின்சக்கரம் லேசாகும். நிறுத்த வேண்டிய சக்கரமே லேசானால் என்ன ஆகும் என்று மேலே சொன்ன கணக்கே சொல்லும். அதோடு டிரெய்லர் நாய் வாலை ஆட்டுகிற மாதிரி இடதும் வலதுமாக ஆட ஆரம்பிக்கும். முன்பாரம் மிதமிஞ்சினால் டிராக்டரின் முன்சக்கரம் தரையிலிருந்து லேசாக எழும்பும். ஸ்டியரிங் பஞ்சு மாதிரி சுற்றும், வண்டி திரும்பாது. டிராக்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தின்மேல் இருக்கவேண்டும்.

ஆகவே கொஞ்சம் முன்பாரம் நல்லது. சுற்றுலா டிரெய்லர் இழுக்கிற அமெரிக்கர்கள் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின்மேல் இருக்கவேண்டும் என்பார்கள். ஆயிரம் கிலோ டிரெய்லரானால் 100 முதல் 150 கிலோ. தராசு தேவையில்லை. சமதரையிலே சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் கொடுத்துவிட்டு மூக்கைத் தூக்கிப் பாருங்கள். ஒரே ஆள் சுலபமாகத் தூக்கிவிட்டால் பின்பாரம். நாலு பேர் சேர்ந்தும் அசையவில்லை என்றால் முன்பாரம் அதிகம். கனமான மூட்டையை அடியிலும், அச்சுக்குச் சற்று முன்னாலும் வையுங்கள். லேசான சரக்கு மேலே போகட்டும். கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள். சரக்கு உள்ளே நகர்ந்தால் முன்பாரம் ஒரு நொடியிலே பின்பாரமாகிவிடும்.

கொக்கியும் பின்னும்

டிரெய்லரை டிராக்டரின் பின்னால் கீழே உள்ள இழுவைக் கொக்கியிலேதான் மாட்டவேண்டும். உயரமான இடத்திலே, டாப் லிங்க் மாட்டுகிற இடத்திலே கயிறோ சங்கிலியோ போட்டு இழுக்கவே கூடாது. பின் அச்சுக்கு மேலிருந்து இழுத்தால், டிராக்டர் முன்காலைத் தூக்கிய குதிரை மாதிரி எழும்பிப் பின்பக்கமாகக் கவிழும். அப்படிக் கவிழ்ந்தால் ஓட்டுகிறவர் அடியிலே சிக்கிக்கொள்வார்.

கொக்கியிலே போடுகிற பின் அதற்கென்று செய்த பின்னாக இருக்கட்டும். கையில் கிடைத்த கம்பி, தேய்ந்த போல்ட் வேண்டாம். பின் மேலே எழும்பாமல் இருக்க அதன் அடியிலே கிளிப் போட வேண்டும். கொக்கி விட்டுப்போனாலும் டிரெய்லர் தனியே ஓடாமல் இருக்க ஒரு கனமான சங்கிலியால் இணைத்து வையுங்கள். வண்டியிலே எப்போதும் இரண்டு முட்டுக்கட்டை இருக்கட்டும். நிறுத்தியதும் முதல் வேலை அதைச் சக்கரத்துக்குக் கொடுப்பது.

இறக்கத்திலே எப்படி இறங்குவது?

டிராக்டரிலே இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு பிரேக் பெடல் இருக்கும். வரப்போரம் சட்டென்று திரும்புவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். வயலை விட்டு வெளியே வந்ததும் இரண்டையும் சேர்த்துப் பூட்டுகிற பட்டையைப் போட்டுவிடவேண்டும். மறந்துபோய் ஒன்றை மட்டும் மிதித்தால் ஒரு சக்கரம் மட்டும் நிற்கும், டிராக்டர் குறுக்கே திரும்பும். பின்னாலே வருகிற டிரெய்லர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பாதிப் பெடல் தேய்ந்து ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற பிரேக்கை உடனே சரிபாருங்கள்.

இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே, மேட்டின் உச்சியிலேயே, வண்டியை மெதுவாக்கிக் கீழ்க் கியர் போடுங்கள். அதே சரிவிலே ஏறுவதற்கு எந்தக் கியர் போடுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பாதி இறக்கத்திலே கியர் மாற்றலாம் என்று நினைக்காதீர்கள். கியர் கழன்று மறுபடி விழவில்லை என்றால் வண்டி உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

'நியூட்ரல்லே விட்டா டீசல் மிச்சம்' என்று சிலர் இறக்கத்திலே கியரைக் கழற்றிவிடுகிறார்கள். கிளட்சை மிதித்துக்கொண்டும் இறங்குகிறார்கள். ஐயா, ஒரு டம்ளர் டீசலுக்காகக் காலைக் கொடுக்காதீர்கள். கியரில் இருந்தால் எஞ்சின் இரண்டு சக்கரத்தையும் ஒரே சீராகப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது. நாலு சக்கரமும் ஓடுகிற டிராக்டராக இருந்தால் இறக்கத்திலே அதையும் போட்டுக்கொள்ளுங்கள். முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும்.

பின் டயரிலே முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினால் பின்சக்கரத்துக்கு எடை கூடும், பிடிப்பும் கூடும். இது நல்ல வழிதான். ஆனால் இன்னும் பத்துக் கிரேட் ஏற்றலாம் என்பதற்காக அல்ல, ஏற்றியதைப் பத்திரமாக இறக்குவதற்காக.

புதிதாக டிரெய்லர் செய்ய நினைப்பவர்கள் பிரேக் உள்ள டிரெய்லராகக் கேட்டு வாங்குங்கள். டிராக்டரிலிருந்து இயங்குகிற ஹைட்ராலிக் பிரேக் உண்டு. தள்ளினால் தானே பிடித்துக்கொள்கிற பிரேக்கும் உண்டு. விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனால் இழுக்கிறது, நிறுத்துகிறது என்ற இரண்டு சுமையையும் இரண்டு சக்கரத்தின்மேல் போடாமல் பகிர்ந்துகொள்ளும்.

ரோட்டிலே நாம் மட்டும் இல்லை

கெலவரப்பள்ளியிலிருந்து கொஞ்ச தூரம் வந்தால் கம்பெனி பஸ்களும் கண்டெய்னர் லாரிகளும் ஓடுகிற ரோடு. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இரவு ஷிப்ட் முடிந்து தூக்கக் கண்ணோடு மோட்டார் சைக்கிளில் வருகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். பின்விளக்கு இல்லாமல் இருட்டிலே ஊர்ந்து போகிற டிரெய்லர் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. தெரியும்போது நேரம் கடந்திருக்கும். ஆகவே டிரெய்லரின் பின்புறமும் பக்கங்களும் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். பின்விளக்கும் திரும்புகிற விளக்கும் எரியட்டும். டிராக்டரில் விளக்கு எரிந்தால் போதாது. கீரைக்கட்டு தொங்கி விளக்கை மறைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரக்கின்மேல் ஆள் ஏற்றாதீர்கள். மட்கார்டில் உட்கார வைக்காதீர்கள். சின்ன டிராக்டரிலே ஒரே ஒரு இருக்கைதான் இருக்கிறது. கல்யாணம், திருவிழா என்றால் டிரெய்லரிலே ஊரையே ஏற்றிக்கொண்டு போகிற வழக்கம் நம்மிடம் உண்டு. 2022 அக்டோபர் முதல் தேதி உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் பக்கத்திலே, கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்கள் வந்த டிராக்டர் டிரெய்லர் குளத்திலே கவிழ்ந்தது. இருபத்தைந்து பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். தக்காளி கவிழ்ந்தால் அடுத்த பறிப்பு உண்டு. ஆளுக்கு அது கிடையாது.

இரண்டு நடை போனால் நஷ்டமா?

'இருபது கிரேட் இருபது கிரேட்டாகக் கொண்டுபோனால் நான் எப்போது சந்தைக்குப் போய்ச் சேருவது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இதற்கு மூன்று வழி சொல்கிறேன்.

முதலாவது, இறக்கம் உள்ள மண்பாதையை மட்டும் சின்னச் சின்ன நடையாகக் கடந்து, சரக்கைத் தார் ரோட்டு ஓரத்திலே சேர்த்து வையுங்கள். அங்கிருந்து அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து ஒரு சரக்கு வண்டி பேசிக்கொள்ளுங்கள். வாடகையை நாலு பேர் பகிர்ந்தால் பெரிதாகத் தெரியாது. இரண்டாவது, விளைச்சல் மும்முரமான நாட்களில் மட்டும் கனமான டிராக்டரையும் அதற்கேற்ற டிரெய்லரையும் வாடகைக்கு எடுங்கள். மூன்றாவது, பாதையிலே செங்குத்தான இடத்தை ஊரார் சேர்ந்து வெட்டிச் சரிவைக் குறைத்து, சரளை போடுங்கள். பத்துக்கு ஒன்றாக இருக்கிற சரிவை இருபதுக்கு ஒன்றாக்கினால் தள்ளுகிற பாரம் பாதியாகிவிடுகிறது.

நம் நண்பர் கணக்கு ஒன்று போட்டுக் காட்டினார். ஒரே நடையிலே 80 கிரேட் கொண்டுபோய் மிச்சப்படுத்தியது மூன்று நடைக்கான டீசல். இழந்தது 80 கிரேட் தக்காளி, டிராக்டர் ரிப்பேர், ஆஸ்பத்திரிச் செலவு, நாலு மாதக் கூலி, அடுத்த பட்டத்து நாற்று. அவரே கூட்டிப் பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார்.

சென்ற மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். இப்போது அவரிடம் சின்ன டிரெய்லர் இருக்கிறது. முன்பலகையிலே வெள்ளைப் பெயிண்டால் 'மேட்டுப் பாதை 20 கிரேட், தார் ரோடு 40 கிரேட்' என்று எழுதியிருக்கிறார். மாமாவின் டிரெய்லர் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "வேலி ஓரத்துலதான் சார் நிக்குது. சாணி எரு கொட்டி வெச்சிருக்கேன்" என்றார். இன்னும் கொஞ்சம் நொண்டித்தான் நடக்கிறார்.

பெருமக்களே, நாலு விஷயத்தை மட்டும் மனதிலே வைத்துக்கொள்ளுங்கள். எடைமேடைக்குப் போய் டிராக்டர், டிரெய்லர் இரண்டின் எடையையும் தெரிந்துகொள்ளுங்கள். வழியிலே இறக்கம் இருந்தால் டிராக்டரின் எடைக்கு மேல் பின்னால் மாட்டாதீர்கள். இரண்டு பிரேக்கையும் பூட்டி, கீழ்க் கியரில் இறங்குங்கள். டிரெய்லரிலே சரக்கு மட்டும் போகட்டும், ஆள் வேண்டாம்.

சின்ன டிராக்டர் வாங்கச் சொல்லி யாராவது உங்களிடம் வந்தால், அது நானாகவே இருந்தாலும் சரி, 'இது எவ்வளவு இழுக்கும்?' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். 'எவ்வளவை நிறுத்தும்?' என்றும் கேளுங்கள்.